அப்பா கைக்குக் கீழ ஒரு ஸ்டாண்டு

காரைக்குடியில பாதி வீட்டுச் சுவத்துல நான் எடுத்த படம் தொங்குது. ஆனா பெத்த அப்பனை ஒரு தடவை கேமரா முன்னாடி உக்கார வைக்க என்னால முடியலை. எத்தனையோ வாட்டி கூப்பிட்டிருக்கேன். "போடா, வேலையப் பாரு. இந்த மூஞ்சிக்குப் படம் ஒண்ணுதான் கேடு"ன்னு துண்டை உதறிட்டுப் போயிருவாரு. தச்சாசாரி அவரு. என்னைக் கைப்புள்ளையா விட்டுட்டுப் பர்மாவுக்குப் போனவரு, ரங்கூன்ல செட்டியார்மாருக்குக் கதவும் பெட்டகமும் செஞ்சு குடுத்து, யுத்தத்தப்ப காடு மலை தாண்டி நடந்தே ஊரு வந்து சேர்ந்தாரு. நடந்து வந்த கதையச் சொல்லுவாரு. அங்க இருந்த கதையச் சொல்ல மாட்டாரு. நானும் கேட்டதில்லை.

அவரு செத்தது அறுபத்திரெண்டு வாக்குல. செத்தவுகளை நாற்காலியில சாத்தி வச்சுப் படம் எடுக்கிறது எனக்குப் பழகிப்போன வேலை. அந்த நினைப்புல கேமராவைத் தூக்கிட்டு வந்தேன் பாருங்க, ஆத்தா கத்துன கத்துல தெருவே திரும்பிப் பாத்துச்சு. "மூக்குல பஞ்சோட என் புருசனைச் சுவத்துல மாட்டப் போறியா? தூக்கிட்டுப் போடா அதை!"

கருமாதி முடிஞ்சு அவரோட ஆயுதப் பெட்டியை ஒழிச்சோம். இழைப்புளிக்கு அடியில எண்ணெய்த் துணியில சுத்தி ஒரு படம் இருந்துச்சு. ரங்கூன் ஸ்டுடியோவுல எடுத்தது. அப்பா கோட்டு மாட்டி நாற்காலியில உக்காந்திருக்காரு. பக்கத்துல கொண்டையில பூ வச்ச பர்மாக்காரப் பொம்பளை ஒருத்தி நிக்கிறா. அவரு முழங்காலை ஒட்டி நாலு வயசுல ஒரு பொம்பளைப் புள்ளை. அது தலை மேல அப்பாவோட கை. என் தலையில அவரு கை வச்சதா எனக்கு ஞாபகமே இல்லை. பொறாமையாத்தான் இருந்துச்சு, அதை இப்ப மறைச்சு என்ன ஆகப்போகுது.

ஆத்தா அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அழும்னு நினைச்சேன், அழலை. "இவரு மட்டும் போதும்"னு என் கையில திருப்பிக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிருச்சு.

படத்துல ஆளைச் சேக்கிறதும் எடுக்கிறதும் எனக்குக் கைவந்த வேலை. அம்மைத் தழும்பை இல்லாமப் பண்ணுவேன், மாறுகண்ணை நேராக்குவேன், மலேயாவுல இருக்க மகனை இங்க இருக்க ஆச்சி பக்கத்துல கொண்டாந்து நிறுத்துவேன். ஒட்டு வேலைன்னு எவனாச்சும் சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். வெட்டி ஒட்டுறவன் வேற, நான் வேற. பழைய படத்தைத் திரும்பப் படம் பிடிச்சு, பெருசாப் போட்டு, அது மேல பிரஷால மை தீட்டி ஆளை மறைச்சு, அதை இன்னொரு தடவை படம் பிடிக்கணும். தொட்ட இடம் தெரியக் கூடாது. அதான் வேலை.

பொம்பளையை மறைக்கிறது சுளுவு. பின்னாடி இருந்த திரையை நீட்டி வரைஞ்சேன், போயிட்டா. புள்ளைதான் பாடாய்ப்படுத்திருச்சு. அதை எடுத்துட்டா அப்பா கை அந்தரத்துல நிக்குது. ரெண்டு நாளு பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசியில கைக்குக் கீழ ஒரு மர ஸ்டாண்டு வரைஞ்சேன். அப்பாவே செதுக்குன மாதிரி யாளிக் காலு வச்சு, வளைவெல்லாம் குடுத்து. கை கச்சிதமா அதுமேல உக்காந்துக்கிருச்சு.

என் வீட்டுக்காரிதான் இருட்டறையில படம் கழுவுவா. நான் மை தீட்டுறதுக்கு முன்னாடி, பெருசாப் போட்ட படம் தண்ணிக்குள்ள கெடந்தப்பவே அதைப் பாத்துட்டு, "இந்தப் புள்ளைக்கு உங்க மூக்குங்க. இது இப்ப எங்க இருக்கோ"ன்னா. "வாயை மூடிக்கிட்டுக் கழுவு"ன்னேன். ரங்கூன் படத்தை ஆத்தா அடுப்புல போட்டுச்சு. அதை வச்சு நான் மொதல்ல எடுத்த கண்ணாடி பிளேட்டை, ஆத்தா பாக்க, நானே சோடா உப்பு போட்ட வெந்நீர்ல சுரண்டிக் கழுவினேன். வெறும் கண்ணாடியாப் போச்சு.

அதோட நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? வேலை அவ்வளவு சுத்தம்னு எனக்கே தலைக்கனம். ஸ்டாண்டு வச்ச படத்துல இன்னொரு பிரதி போட்டு ஸ்டுடியோ வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சேன். பிள்ளையார்பட்டி பஸ்ஸுக்கு நிக்கிற சனமெல்லாம் பாத்துட்டுப் போகும். மானகிரி ஆச்சி ஒருத்தவுக, "இந்த ஸ்டாண்டு யாரு செஞ்சது, எங்களுக்கும் ஒண்ணு வேணுமே"ன்னு கேட்டாக. நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன், கழுதை.

ரெண்டு மூணு வருசம் போச்சு. பர்மாவுலேருந்து நம்ம சனம் கப்பல் கப்பலா வந்து எறங்குன நேரம். ஒரு நாள் மத்தியானம் ஒரு பொம்பளை வாசல்ல அந்தப் பெட்டி முன்னாடியே ரொம்ப நேரமா நின்னுக்கிட்டிருந்துச்சு. முப்பது வயசு இருக்கும், கையில ஒரு துணிப்பை. உள்ள வந்துச்சு. தமிழை இழுத்து இழுத்துப் பேசிச்சு.

"அண்ணே, வாசல்ல இருக்கிறது எங்கப்பா."

"யாரும்மா நீ?"

"அந்த ஸ்டாண்டு இருக்க எடத்துல நான்தான் நின்னேன். இங்குட்டு எங்கம்மா நின்னாக. அம்மா போயிட்டாக. எங்ககிட்ட இருந்த படம் மழையில ஊறிக் கூழாப் போச்சு. காரைக்குடின்னு அப்பா சொன்னது மட்டும்தான் தெரியும். மூணு நாளா ஆசாரிமாரு தெருத் தெருவா விசாரிச்சேன், அவரு மகன் நீங்கதான்னு சொல்லி அனுப்புனாக."

அது சொத்துக் கேட்டு வரலை. திருச்சிப் பக்கம் முகாம்ல இருக்காம். சொந்தம் உள்ளவுகளை அவுக சனம் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாகளாம். யாரும் இல்லாதவுகளை எங்கயோ தூரத்துல குடியேத்தப் போறாகளாம். "தனியாப் போகப் பயமா இருக்குண்ணே. இன்னார் மகள்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னுச்சு.

ஸ்டுடியோவுக்குப் பின்னாடிதான் எங்க வீடு. பேச்சுச் சத்தம் கேட்டு ஆத்தா வந்து நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. என் வீட்டுக்காரியும் ஒரு சொம்பு தண்ணியோட வந்தா. ஆத்தா அந்தப் பொம்பளையை ஏற இறங்கப் பாத்துச்சு. ஆத்தாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா என்னைப் பாத்துத்தான் கேட்டுச்சு: "நீதானப்பா அந்தப் படத்தைத் தொட்டவன். சொல்லு. அதுல வேற ஆரும் இருந்தாகளா?"

ஆத்தா கண்ணுல கெஞ்சலும் இருந்துச்சு, மிரட்டலும் இருந்துச்சு. அந்த நாலு வயசுத் தலை மேல இருந்த கையும் என் நினைப்புக்கு வந்துச்சு. பழி முழுக்க ஆத்தா மேல போட மாட்டேன்.

"இல்லை ஆத்தா. அப்பா தனியாத்தான் இருந்தாரு"ன்னேன்.

அந்தப் பொம்பளை என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சத்தம் போடலை, சாபம் விடலை. தண்ணியை வாங்கிக் குடிச்சிட்டு, "சரிண்ணே, வாரேன்"னு சொல்லிட்டுப் படியிறங்கிருச்சு. நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சும் அண்ணேன்னுதான் சொல்லிச்சு.

அது போனதும் என் வீட்டுக்காரி கேட்டா: "நீங்கள்லாம் ஒரு மனுசனா?" அதுக்கப்புறம் அவ இருட்டறைக்குள்ள காலெடுத்து வைக்கலை. சோறு போட்டா, புள்ளைகளை வளத்தா, என் படத்தை மட்டும் தொடலை. கண்ணாடிப் பெட்டியிலேருந்து அப்பாவை எடுத்துட்டேன். தொழில் நொடிச்சுப் போச்சுன்னு சொல்ல ஆசைதான். எங்க நொடிச்சுச்சு? முன்னைக்கு நல்லாவே ஓடுச்சு. ஊரே தேடி வந்துச்சு.

எழுபதுகள்ல ஆத்தா போய்ச் சேர்ந்துச்சு. கருமாதி முடிஞ்ச மறுநாளு நான் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். கையெழுத்துப் போடணும், கூட்டிட்டு வரணும், காலுல விழுந்தாலும் சரின்னு போனேன். முகாம்ல சனம் முக்கால்வாசி இல்லை, ஊர் ஊராப் பிரிச்சு அனுப்பிட்டாக. மேசை போட்டு உக்காந்திருந்த எழுத்தர் நல்ல மனுசன். பெரிய பெரிய நோட்டா எடுத்து வச்சுக்கிட்டு, "சொல்லுங்க, பேரு என்ன?"ன்னாரு.

எனக்குத் தெரியலை. அன்னைக்குக் கேக்கவே இல்லை.

"என்ன உறவு?"

"தங்கச்சி."

ஒரு மாதிரியாப் பாத்தாரு. "தங்கச்சி பேரு தெரியாதா? சரி, ஆளு எப்படி இருக்கும்?"

வாயைத் தொறந்தேன். துணிப்பை ஞாபகம் வருது, குரல் ஞாபகம் வருது, முகம் வர மாட்டேங்குது. ரெண்டு நாளு பூதக்கண்ணாடிக்குள்ள அந்த முகத்தை முடி முடியாப் பாத்தவன் நான். மை எங்க தீட்டலாம், விளிம்பு எங்க முடியுதுன்னு பாத்தேனே ஒழிய முகத்தைப் பாக்கலை.

அவருக்கு என் மேல இரக்கம் வந்துருச்சு போல. "மனசை விட்டுறாதீக. போட்டோ ஒண்ணு குடுங்க, குடியேத்துன ஊருக்கெல்லாம் அனுப்பிக் கேப்போம். வீட்டுல ஒரு படம் கூடவா இல்லை?"

"ஒண்ணு இருந்துச்சுய்யா. நான்தான் அழிச்சேன்"னு சொன்னேன்.

அவருக்கு விளங்கலை. நோட்டை மூடிட்டு எனக்குப் பின்னாடி நின்ன ஆளைக் கூப்பிட்டாரு.