பிரகதீஸ்வரி டீச்சரின் இன்பாக்ஸ்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியதும் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். பிரகதீஸ்வரி டீச்சர் ஸ்கூட்டரை ஓரங்கட்டி ஸ்டாண்டைப் போட்டு, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். என்ஜினைக் கழற்றி, மறுமுனையில் கோத்து, ரயில் கிளம்பிப் போகும் வரை கேட் திறக்காது. லாரிக்காரர்கள் இறங்கி டீ குடிக்கிற அந்தக் கால் மணி நேரத்தில் டீச்சர் செல்போனில் மெயிலைத் திறந்துவிடுவார். ஒன்றைப் பார்த்து "போ" என்பார், அது அழிந்துவிடும். இன்னொன்றைப் பார்த்து "நீ அங்க போய் இரு" என்பார். அது அதற்குரிய அறைக்குப் போய்ச் சேரும். கேட்டருகே கொய்யாப்பழம் விற்கிற அம்மாள், தன்னைத்தான் விரட்டுகிறார் என்று ஒரு வாரம் கோபித்துக்கொண்டு பழம் கொடுக்காமல் இருந்தாளாம்.

காலையில் ஒரு கேட், மாலையில் ஒரு கேட். அவ்வளவுதான். நடுவில் போன் எத்தனை தடவை கிணுகிணுத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். "மெயில் வர்ற நேரத்துக்கெல்லாம் நாம ஓடக்கூடாதுங்க. நாம போற நேரத்துக்கு அது காத்துக்கிட்டு நிக்கணும்" என்பது அவர் பேச்சு. ரயில்வேக்காரர்கள் என்றாவது சீக்கிரம் கேட்டைத் திறந்துவிட்டால் டீச்சருக்குத்தான் எரிச்சல் வரும்.

இத்தனைக்கும் அவர் கம்ப்யூட்டர் டீச்சர் இல்லை. அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வரலாறு நடத்துகிறவர். ஆறு வருடத்துக்கு முன் தலைமையாசிரியர் இராஜாங்கம், "ஒரு வாரத்துக்கு மட்டும் பார்த்துக்கங்க டீச்சர்" என்று பள்ளியின் மெயில் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அன்றைக்கு உள்ளே திறக்காமல் கிடந்தவை ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. உதவித்தொகைச் சுற்றறிக்கை, தேர்தல் பணி, டெங்கு ஒழிப்பு, நாற்காலி விற்கிற கம்பெனி எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. இராஜாங்கம் சார் அதுவரை ஒவ்வொரு மெயிலையும் அச்செடுத்து, ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து வைத்துக்கொண்டிருந்தார். 'காகிதத்தைச் சேமிக்க இதை அச்சிட வேண்டாம்' என்று வந்த மெயிலும் அந்தக் கயிற்றில் பத்திரமாக இருந்தது.

டீச்சர் அந்தப் பொங்கல் விடுமுறையில் ஒன்பதாயிரத்தையும் தீர்த்துக் கட்டினார். வழி ஒன்றும் மாயமில்லை. திறந்த மெயிலைப் படித்துவிட்டு மறுபடி மூடி வைக்கக் கூடாது என்பதுதான் அவருடைய முதல் சட்டம். பதில் எழுது, அல்லது தேதி குறித்து வை, அல்லது அறைக்கு அனுப்பு, அல்லது அழி. "கையில எடுத்த பாத்திரத்தக் கழுவித்தான் கவுக்கணும். பாதி தேச்சுட்டு வெச்சா நாளைக்கு மறுபடி நாமதான தேய்க்கணும்?" அறைகளும் நிறையக் கிடையாது. 'இன்றைக்கு', 'வைத்துக்கொள்', 'காத்திருக்கிறேன்' என்று மூன்றே மூன்று. அறை கூடினால் எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும் என்பார். குப்பை என்று மெயிலே ஒதுக்கித் தள்ளியதையும் வெள்ளிக்கிழமை தோறும் ஒருமுறை கிளறிப் பார்த்துவிடுவார்.

மூன்று அறைகளில் அவருக்குச் செல்லமானது 'காத்திருக்கிறேன்'. தான் அனுப்பி, இன்னும் பதில் வராத மெயில்கள் அதில் இருக்கும். திங்கட்கிழமை காலை அந்த அறையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போடுவார். "சார், பத்தாந்தேதி ஒரு மெயில் போட்டிருந்தேன். இல்லல்ல, அவசரம் ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கேட்டேன்." அந்தச் 'சும்மா'வுக்கு மாவட்ட அலுவலகமே அசையும். மூன்று வருடமாக வராத ஆய்வகச் சாமான்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

ஒரு பலவீனமும் உண்டு. அடுத்தவர் போனில் மெயில் படத்தின் மேல் சிவப்பு வட்டத்துக்குள் எண் தெரிந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "பதினேழாயிரமாம்மா? ராத்திரி தூக்கம் வருதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, இறங்குவதற்குள் நாலாயிரத்தைக் குறைத்துக் கொடுத்தவர் அவர்.

சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கான பயிற்சியில் அவரைப் பேசக் கூப்பிடுகிறார்கள். போனால் முதலில் 'எல்லாருக்கும் பதில்' என்ற பொத்தானைத்தான் காட்டுவார். அவர் பள்ளியின் தமிழாசிரியர் சேக் தாவூது, வயிற்றுப்போக்கு என்று இராஜாங்கம் சாருக்கு எழுதிய விடுப்புக் கடிதம் இந்தப் பொத்தானால் முப்பத்தெட்டுப் பள்ளிகளுக்குப் போயிற்று. மூன்று நாள் முப்பத்தெட்டுப் பள்ளியிலிருந்தும் கைவைத்தியம் சொல்லி மெயில் வந்துகொண்டே இருந்தது. அவரைப் பயிற்சிக் கூட்டத்திலேயே எழுப்பி நிற்க வைத்து, "சாரே சாட்சி" என்பார் டீச்சர். சேக் தாவூதும் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பார்.

அடுத்தது தலைப்பு. "தலைப்புல வேலை இருக்கணும். வணக்கம் உள்ளார இருக்கட்டும்." மாணவர்கள் பாடம் சம்பந்தமாக எது அனுப்பினாலும் வகுப்பு, பெயர், விஷயம் மூன்றும் தலைப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெயில் தானாகவே அந்த மூன்று அறைக்கும் வெளியே, அவர் எட்டிப் பார்க்காத ஓர் ஒதுக்குப்புறத்துக்குப் போய்விடும்படி செய்து வைத்திருந்தார். 'தலைப்பைச் சரியாக எழுதித் திரும்ப அனுப்பவும்' என்று ஒரு பதிலும் தானாகவே போகும். பிள்ளைகள் திருத்தி அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க அலுவலகக் குமாஸ்தாக்கள் மாதிரி தலைப்பு எழுதக் கற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்தில் டீச்சருக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

சென்ற ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, மாலை மூன்றரை மணிக்கு ஷிஃபா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்த பெண். அவள் அத்தா ஷார்ஜாவில் மளிகைக் கடையில் இருக்கிறார். மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் பெண்ணுக்கு வேளாண்மைதான் படிக்க வேண்டும். ஆசிரியர் அறை வாசலில் நின்று, "எனக்கு சீட்டு வரல போல மிஸ்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"வானதிக்கு மெயில் வந்துடுச்சு மிஸ். அதுல இருக்குற லிங்குலதான் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சம்மதம் குடுக்கணுமாம். என் மார்க்கு அவளவிட ஜாஸ்தி."

"நீ எந்த மெயில் குடுத்த?"

"கடை மெயிலு மிஸ். மீரா உசேன் மாமா கடை."

"போன் நம்பரு?"

"அத்தாவோடது. ஊருக்கு வந்தப்ப வெச்சிருந்த நம்பரு. அந்த சிம்மு இப்ப இல்ல."

"உள்ள போற பாஸ்வேர்டு?"

"அதுவும் கடை மெயிலுக்குத்தான் வரும்."

டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அடுத்த ஐந்தாவது நிமிடம் ஷிஃபாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவில் இருந்தார்.

பிரவுசிங் சென்டர் மீரா உசேன் தங்கமான மனிதர். கெடுதல் நினைக்கத் தெரியாதவர். விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளுக்குப் புதிதாக மெயில் திறந்து கொடுத்தால், அடுத்த வாரமே பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்கிறார்கள் என்று, எல்லாருக்கும் தன்னுடைய மெயிலையே போட்டுவிடுவார். "நம்மளோடதுன்னா பத்திரமா இருக்கும்னு நெனச்சேன் டீச்சர்." பன்னிரண்டு வருடமாக அந்த ஊரின் கல்லூரி, பாஸ்போர்ட், ரேஷன் கார்டு அத்தனையும் அந்த ஒரே பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. திறக்காதவை எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம். டீச்சர் அந்த எண்ணைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

மணி மூன்று ஐம்பது. ஷிஃபாவின் பெயரைப் போட்டுத் தேடினார், இல்லை. விண்ணப்ப எண்ணைப் போட்டார், இல்லை. குப்பையிலும் இல்லை. மீரா உசேன் பக்கத்தில் நின்று, "வந்திருக்காதோ டீச்சர்" என்றார். ஷிஃபா துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வானதிக்கு அனுப்புனவங்கதான இவளுக்கும் அனுப்பணும்" என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வானதியிடம் போனில் கேட்டு, அனுப்பியவரின் முகவரியை வைத்துத் தேடினார். ஒரே ஒரு வரி வந்தது. ஏற்கெனவே திறந்து படித்ததாகக் காட்டியது. மீரா உசேன், "அது வேற புள்ளையோடது டீச்சர், நேத்தே பார்த்துக் குடுத்துட்டேன்" என்றார். டீச்சரின் கண் அந்த வரியின் ஓரத்தில் இருந்த சின்ன எண்ணில் நின்றது. நாற்பத்தாறு. பல்கலைக்கழகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தலைப்பில் அனுப்பியிருந்தது. தலைப்பு ஒன்றாக இருந்ததால் நாற்பத்தாறு மெயிலும் ஒரே வரியாக மடிந்து கிடந்தன. கடைக்காரர் மேலே இருந்ததை மட்டும் பார்த்திருக்கிறார். பெயரும் எண்ணும் கூட வந்த கோப்பில் மட்டும் இருந்ததால் தேடியதில் சிக்கவில்லை. டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதலாவது யாரோ. ஏழாவது யாரோ. கரண்ட் ஒருமுறை மினுக்கியபோது மூன்று பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள். முப்பத்தொன்றாவது மெயிலில் இருந்தாள் ஷிஃபா.

நாலு நாற்பத்தொன்றுக்குச் சம்மதம் போய்ச் சேர்ந்ததற்கான சீட்டு பிரின்டரில் இருந்து வெளியே வந்தது. ஷிஃபா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். மீரா உசேன் யாரிடமும் சொல்லாமல் போய் மூன்று டீ வாங்கி வந்தார். "மத்த நாப்பத்திநாலு புள்ளைங்களுக்கும் இப்பவே போன் போடுங்க பாய். இனிமே உங்க மெயில யாருக்கும் குடுக்காதீங்க" என்றார் டீச்சர். அவர் அப்போதே ஆரம்பித்துவிட்டார்.

பதற்றம் இறங்கியதும் கோபம் வந்தது. "ஏம்மா, இவ்ளோ பெரிய விஷயம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன் மிஸ்" என்றாள் ஷிஃபா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "லீவுல. மெயில் போட்டேன்."

டீச்சர் போனை எடுத்தார். ஒதுக்குப்புறத்துக்குள் போய் மே மாதம் வரை இறங்கினார். இருந்தது. தலைப்பு, 'ஹாய் மிஸ்'. உள்ளே மூன்று வரி: 'மிஸ், அக்ரிக்கு அப்ளை பண்றேன். கடையில அவங்க மெயிலையே போடட்டுமான்னு கேக்குறாங்க. போடலாமா?' கீழே, தலைப்பைச் சரியாக எழுதித் திரும்ப அனுப்பச் சொல்லும் அவருடைய பதில்.

"ஏன் திரும்ப அனுப்பல?"

"கோவமா இருக்கீங்களோன்னு நெனச்சேன் மிஸ்."

பிரகதீஸ்வரி டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு பிள்ளை முன்னால் அவர் இப்படித் தலை குனிந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தத் தலைப்புச் சட்டத்தைத் தேடி எடுத்து அழித்தார். 'போ' என்று சொல்லவில்லை. பிறகு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெண்ணுக்கே பதில் எழுதினார். 'போட வேண்டாம் ஷிஃபா. எனக்கு எழுதுகிற உன் மெயிலையே கொடு. தாமதமாகப் பதில் எழுதியது என் தவறு.' ஷிஃபாவின் கையிலிருந்த போன் சிணுங்கியது.

"நீ கிளம்பும்மா, பஸ்ஸு போயிடும்" என்றார்.

"நீங்க வரலியா மிஸ்?"

அந்த ஒதுக்குப்புறத்தில் அப்படி இன்னும் இருநூற்றுப் பதினொரு மெயில் கிடந்தது. டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த 'ஹாய் மிஸ்'ஸைத் திறந்தார்.