பொட்டுக்கு அடியில் இருந்த எண்

கடலூர் பழைய டவுனில் எங்கள் வீடு சிதம்பரம் சாலையை ஒட்டி இருந்தது. அறுபதுகளில் ஒரு கரும்பு வெட்டுக் காலம். உலக யுத்தத்துக்கு வந்து இங்கேயே தங்கிப்போன பழைய அமெரிக்க லாரி ஒன்று, பானெட் திறந்தபடி எங்கள் வாசலில் நின்றது. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு என் கணவர் வாங்கிய லாரி. ஆயிலில் தண்ணீர் கலந்து டீ நிறத்தில் நுரைத்திருந்தது. தண்ணீரையும் ஆயிலையும் பிரித்துவைக்கும் கேஸ்கட் போய்விட்டது என்றார் தெருக்கோடியில் கடை வைத்திருந்த மெக்கானிக் பாய். சிதம்பரம் பக்கம் ஒருவர் வயலில் வெட்டிப்போட்ட கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் நாங்கள் போகாவிட்டால் வேறு வண்டி ஏற்றிவிடும். அப்புறம் அந்த சீசன் முழுக்க எங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பானெட்டில் இருந்த கம்பெனிப் பெயரைச் சொல்லிச் சிதம்பரத்தில் வாங்கிவந்த கேஸ்கட் பொருந்தவில்லை. துளைகள் எல்லாம் தள்ளித் தள்ளி நின்றன.

"இது பொறந்தப்ப இருந்த இன்ஜின் இல்ல மச்சான். எவனோ மாத்திட்டான்" என்றார் பாய். "நம்பரப் பாத்தாத்தான் என்ன இன்ஜின்னு தெரியும்."

எண் எங்கும் தெரியவில்லை. பழைய சொந்தக்காரர்கள் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்து, வழவழப்பான ஓர் இடம் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதன்மேல் அடுத்த வருடப் பெயின்ட் ஏறி ஏறி, அந்த இடமே மேடாகியிருந்தது. பாய் அந்த மேட்டைக் காட்டினார், தொடவில்லை.

"அங்கதான் இருக்கணும். ஆனா சாமிப் பொட்டு. நான் சுரண்ட மாட்டேம்மா."

கணவர் என் பக்கம் திரும்பினார். "எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவங்களுக்கு இதெல்லாம் பயமில்லையே?"

பயம்தான். அவர் ஓட்டப்போகிற வண்டியில் குங்குமத்தை நான் அழிப்பதா? படித்தவள் இப்படி நினைக்கலாமா என்றும் இருந்தது. இடுப்பில் இருந்த குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியும் தோசைத் திருப்பியுமாகச் சுரண்டினேன். பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை, பிறகு இரும்பு. எழுத்தும் எண்ணுமாக வாசித்தேன். சரிதானா என்று சந்தேகம் வந்து திரும்பவும் வாசித்தேன்.

பாய் சிரித்துவிட்டார். "அடப்பாவி! வேன் இன்ஜின மாட்டி லாரின்னு வித்துட்டான். இம்மாம் நாளா வேன்லதான் கரும்பு ஏத்திருக்கீங்க மச்சான்!" பிறகு சிரிப்பு நின்றது. "இதுக்குக் கேஸ்கட் நம்ம கடையிலயே கெடக்கு, மாட்டிடலாம். ஆனா பாதி லோடுக்கு மேல வேணாம். ஜாஸ்தி ஏத்தித்தான் சூடேறிப் போயிருக்கு. இன்னொருவாட்டி சூடேறிச்சின்னா இன்ஜினே தேறாது."

"பாதி ஏத்தினா கரும்புக்காரன் சும்மா வுடுவானா?" என்றார் கணவர்.

ராவோடு ராவாகப் பாய் கேஸ்கட்டை மாட்டித் தர, விடிந்ததும் என் கணவர் கிளம்பினார். எவ்வளவு ஏற்றுவீர்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கிளம்பும்போது கேட்கக்கூடாது என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாமே என்றும், கேட்டால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் பகலெல்லாம் மாறி மாறி நினைத்தேன். அந்த எண்ணை வாசிக்காமலே இருந்திருந்தால் நிம்மதியாவது மிஞ்சியிருக்கும்.

சாயங்காலம் சத்தம்தான் முதலில் வந்தது. ஆலைக்குப் போகும் வழியில் லாரி எங்கள் வாசலைக் கடந்தது. கரும்பு எப்போதும்போல் வானத்துக்கு ஏறியிருந்தது. பின்னால் தொங்கிய நுனிகள் சாலையைப் பெருக்கிக்கொண்டு போயின. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அப்பாவைக் கண்டு குழந்தை கத்தியது. அதன் வாயை மெல்லப் பொத்திக்கொண்டு, இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்து நின்றேன், அது கேட்காமல் போகிறவரை.