ஆறாத கால்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அவற்றை நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் சரி.

தொண்ணூறுகளின் கடைசியில் என் அண்ணன் அந்தோணிக்குச் சர்க்கரை வியாதியால் வலது பாதம் கறுத்துப்போனது. அவர் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. நாள் முழுக்க வரப்பில் நடக்கிற வேலை, அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை. காலை எடுத்தே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே எடுப்பது என்பதுதான் கேள்வி. முட்டிக்கு மேலே எடுத்தால் புண் நிச்சயம் ஆறும் என்றார் விழுப்புரத்து டாக்டர். திண்டிவனத்தில் இன்னொருவர், முட்டியை விட்டுவைத்தால் செயற்கைக் கால் பொருத்தி நன்றாக நடக்கலாம், ஆனால் புண் ஆறாவிட்டால் மறுபடி வெட்ட வேண்டிவரும், இரண்டாவது ஆபரேஷனை அண்ணனின் இதயம் தாங்குமா என்பது சந்தேகம் என்றார். இரண்டு விதமாகவும் கால் எடுத்தவர்களைத் தேடிப்போய் விசாரித்தேன். மேலே எடுத்தவர்கள் கட்டையை ஊன்றி வீட்டுக்குள் நடமாடினார்கள். வயலுக்குப் போகிறவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

திண்டிவனத்தில் சேர்த்தோம். டாக்டர் தன் புறங்கையை அண்ணனின் தொடையிலிருந்து மெல்லக் கீழே இறக்கினார். எதுவரை சூடு இருக்கிறதோ அதுவரை ரத்தம் ஓடுகிறது என்பது கணக்கு. முட்டியைத் தாண்டியதும் கை நின்றுவிட்டது. என் கையையும் பிடித்து அங்கே வைத்துக் காட்டினார். ஈரச் சுவரைத் தொட்டதுபோல் இருந்தது.

"மேலதான் எடுக்கணும். வேற வழி இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். "முட்டியே போடாதவனுக்கு முட்டி எதுக்குடான்னு சாமியார் கேப்பாரு பாரு." கோயில் பக்கமே போகாத கத்தோலிக்கர் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார், ஆனால் அன்று எதுவும் சாப்பிடவில்லை. ராத்திரி விளக்கை அணைக்கும்போது மட்டும், "வெட்டுனத அம்மா பக்கத்துல பொதச்சிடுடா. கடேசி நாள்ல எல்லாரும் எழுந்து வரும்போது நான் மட்டும் நொண்டிக்கினு வரணுமா?" என்றார்.

காலையில் ஆபரேஷனுக்கு முன் போர்வையைச் சரிசெய்தபோது என் கை அந்தப் பாதத்தில் பட்டது. சூடாக இருந்தது. நம்பினால் நம்புங்கள், கறுத்து, தோல் உரிந்து, நாற்றம் எடுத்த பாதம் காய்ச்சல்காரனின் நெற்றிபோல் சுட்டது. நர்ஸைக் கூப்பிட்டேன், அவர் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் தொடையிலிருந்து விரல் நுனிவரை புறங்கையை இறக்கினார். பாதத்தில் நாடி தேடினார். மறுபடி தொட்டார்.

"நாடி இல்ல. சூடு மட்டும் எப்படி வரும்?" என்று முணுமுணுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "முட்டிக்குக் கீழ வெட்டிப் பாக்கறேன். சதையில ரத்தம் வந்தா முட்டிய விட்டுடலாம். வரலன்னா மேல போயிடுவேன். சம்மதமா?"

சம்மதித்தேன். ரத்தம் வந்தது. முட்டி தப்பியது.

கல்லறையில் புதைக்கப் பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கித் திரும்புவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. அதுவரை வெட்டிய கால் துணி சுற்றி ஒரு தட்டில் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஓமந்தூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு ஆட்டோவில் போனேன். வேட்டியைத் தாண்டிச் சூடு தொடையில் இறங்கியது. வெயிலில் சுட்டிருக்கும் என்பீர்கள். அன்று காலையிலிருந்து தூறல்.

கல்லறையில் குழி வெட்டி வைத்திருந்த சூசை, மூட்டையை வாங்கியதும் கையை மாற்றிப் பிடித்தார்.

"இன்னாண்ணே, சூடா கீது?"

"ஆஸ்பத்திரியில எடுத்ததுதான்."

"எப்போ?"

"காலையில."

சூசை மூட்டையைக் குழி ஓரமாக வைத்தார். "ஆறட்டும்ணே. அப்பால மூடிக்கலாம்."

புங்கமரத்தடியில் காத்திருந்தோம். அவர் இரண்டொரு முறை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இருட்டத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் இறக்கினோம். சூசை மண்வெட்டியைத் தொடவில்லை. தூங்குகிறவர் மேல் மண் விழுந்துவிடுமோ என்பதுபோல் பயந்து பயந்து கையாலேயே தள்ளினார்.

நான் திரும்பி வந்தபோது அண்ணனுக்கு நினைவு தெளிந்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார்: "ஆறறதுக்குள்ள ஏன்டா மூடிட்டு வந்த?"

நர்ஸ் சிரித்தபடி, "இன்னிக்குதானே ஆபரேஷன்? புண்ணு மெதுவாத்தாண்ணா ஆறும்," என்றார்.

"நான் அத சொல்லல சிஸ்டர்," என்றார் அண்ணன், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. சூசையும் நானும் மட்டுமே அங்கே இருந்தோம்.

புண் நன்றாக ஆறியது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு அண்ணன் மறுபடி கரும்புக் காட்டுக்குப் போனார், இன்றும் வரப்பில் நடக்கிறார். வெட்டிய கால் இருப்பதுபோல் தோன்றும், வலிக்கக்கூடச் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் ஒருநாளும் வலி என்றதில்லை. மார்கழிப் பனியில் வீடே போர்த்திக்கொண்டு கிடக்கும்போது, செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தபடி, "ஃபேன அந்தப் பக்கம் திருப்புடா, வெக்க தாங்கல," என்பார். முட்டிக்குக் கீழே, பாயில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து நானும் திருப்பி வைக்கிறேன். அங்கே கையை வைத்துப் பார்க்க எனக்கு இதுவரை துணிவு வந்ததில்லை.