உத்திரமேரூர் – தூத்துக்குடி: பறக்கும் நேரம் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்

போன மாசியில், தங்கை மகனுக்குக் காது குத்துவதற்காக நானும் அண்ணனும் உத்திரமேரூரிலிருந்து தூத்துக்குடி கிளம்பினோம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அக்கா தங்கை எங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே அண்ணன்.

விவசாயம் பார்க்கும் அண்ணன், முந்தின இரவே செங்கல்பட்டில் ரயிலேறிவிடலாம் என்றார். நான்தான் கைபேசியைக் காட்டினேன். சென்னையிலிருந்து தூத்துக்குடி வான்வழியில் சுமார் 530 கி.மீ., பறக்கும் நேரம் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். அவரை ஒரு முறையாவது விமானத்தில் ஏற்றிவிடும் ஆசையும் எனக்கு இருந்தது. ஆளுக்கு 4,650 ரூபாய். அவருக்கு ஜன்னல் இருக்கை வேண்டுமென்று மேலும் 350.

காலை 7.20க்கு விமானம், பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். நான்கு மணிக்கு வாடகைக் காரில் ஏறினோம் (75 கி.மீ., 2,200 ரூபாய்). மேலே போனால் பாலாறு தெரியுமா என்று அண்ணன் ஓட்டுநரிடம் விசாரித்தார். “ஆறு தெரியும்ணா. தண்ணி தெரிஞ்சா எனக்கு ஒரு போன் போடு” என்றார் அவர். அண்ணன் செங்கல்பட்டு வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

5.50க்கு விமான நிலையம் போய்விட்டோம். இறங்கியதும் பைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம், எல்லாம் கையோடு இருக்கட்டும் என்று முடிவெடுத்ததும் நான்தான். ஆறரைக்குப் பாதுகாப்புச் சோதனையில் அண்ணனின் துணிப்பையை ஓரமாக எடுத்து வைத்தார்கள். உள்ளே சீர்த்தட்டுக்காக மஞ்சள் தடவிய ஐந்து தேங்காய்கள். முழுத் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்களாம். பெரிய பைகளை வாங்கும் கவுண்டரில் போட்டிருந்தால் போயிருக்கும்; அதை மூடிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கூடையில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அந்த அலுவலர் தன்மையாகத்தான் சொன்னார்.

அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன்.

“சீர்த் தேங்காய குப்பையில கடாசிட்டு, இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு கொழந்தைய மடியில வாங்கறது?” என்றார் அண்ணன். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “கம்மலு உன் பையிலதான கீது. நீ போ. நான் பஸ்ல வரேன்.”

நான் போனேன்.

பக்கத்தில் அவருடைய ஜன்னல் இருக்கை காலியாக வந்தது. 8.45க்குத் தரையிறங்கி, டாக்சி பிடித்து (22 கி.மீ., 900 ரூபாய்) ஒன்பதே முக்காலுக்கெல்லாம் கோயிலில் இருந்தேன். கைபேசி சொன்ன கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அண்ணன் பஸ்ஸில் வர ராத்திரியாகும் என்று நான் சொல்லியும், தங்கை 11.50 வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையைக் கணவரின் அண்ணன் மடியில் வைத்தாள். என்னைத் திட்டவில்லை. “அண்ணன் ரயில்லதான வரேன்னு சொல்லிச்சி” என்றாள், அவ்வளவுதான்.

இந்த வழியில் விசேஷத்துக்குப் போகிறவர்களுக்கு: பறக்கும் நேரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். வாசலிலிருந்து வாசலுக்கு எனக்கு ஐந்தே முக்கால் மணி நேரம் ஆனது, அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்து. சீர் சாமான் இருந்தால் கவுண்டரில் போடுங்கள். முடிந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். ரயிலில் தேங்காயை யாரும் கேட்பதில்லை.

அண்ணன் இரவு எட்டரைக்கு வந்தார். ஐந்து தேங்காயையும் தட்டில் அடுக்கிவிட்டு, காது சிவந்து தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். மெல்ல என் பக்கம் திரும்பி, பாலாறு தெரிந்ததா என்று கேட்டார்.

ஒரே மேகம், ஒன்றும் தெரியவில்லை என்றேன். நன்றாகத் தெரிந்தது.