வால் வெட்டாத திருக்கை

2024 ஜனவரி 20, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். ஆறு மணிக்குப் பால் விடாத கட்டன்சாயா. ஆறேகாலுக்குத் தம்பியின் ஸ்கூட்டரில் எங்கள் ஊர் கருங்கலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்கு மீன் வாங்கக் கிளம்பினோம். சனிக்கிழமைதோறும் நான் போவதுதான். தம்பி குவைத்தில் வெல்டர், விடுப்பில் வந்திருந்தான். இருபத்தெட்டாம் தேதி திரும்ப வேண்டும், தவறினால் அந்த வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

கரையிலிருந்து இழுக்கும் வலை அப்போதுதான் ஆழமில்லாத தண்ணீருக்கு வந்திருந்தது. சாளை மீன்களோடு ஒரு திருக்கையும் உயிரோடு கிடந்தது, விரித்த குடை அகலத்தில். திருக்கையின் வாலில் விஷமுள் உண்டு. அதனால் வேறு எதையும் தொடுமுன் வாலை வெட்டிவிடுவார்கள். எனக்கு வழக்கமாக மீன் தரும் வலைக்காரர் கத்தியோடு குனிந்தார். தம்பி வீடியோ எடுக்கப் போனோடு தண்ணீரில் இறங்கினான்.

“வாலை வெட்டுன பொறவு எடு மக்கா,” என்றார் அவர்.

“வாலில்லாத திருக்கைய எவன் பாப்பான் அண்ணா?”

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னது நான்தான். அதற்காகத்தான் அவர் கத்தியைத் தாழ்த்தினார்.

தம்பி குந்தியிருந்து போனைத் தண்ணீரை ஒட்டி நீட்டினான். இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். வால் ஒரே ஒரு முறை சுழன்றது. வலது கைப் பெருவிரலின் அடியில் முள் இறங்கியது. அவன் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான்.

வலைக்காரர் அவனைச் சாயாக்கடைக்கு அழைத்துப் போய், தாங்கக்கூடிய சூட்டில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, வலி தணியக் கையை முக்கி வைத்தார். திட்டவில்லை.

“போனுல அது தூரமாத்தான் தெரியும் மக்கா. அதுக்கு ஒன்ன பக்கத்துல தெரியுமில்லா.”

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே ஒடிந்திருந்த முள்நுனியை அகற்றி ஊசி போட்டார்கள். பெருவிரலைப் பத்து நாள் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். எட்டாவது நாள் விமானம் என்றான் தம்பி. அவர் பத்து என்றே திரும்பவும் சொன்னார்.

மாலையில் வீடியோவைப் பார்த்தோம். நாற்பத்தோரு வினாடி. வால் ஓரிடத்திலும் படத்தில் விழவில்லை. நான் சொன்ன ‘ஒரு நிமிஷம்’ மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அதை அழிக்கவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்ததும் முதலில் செய்தது, அவன் சொல்லச் சொல்ல, விடுப்பை நீட்டிக்கக் கேட்டு அவனுடைய கம்பெனிக்குக் கடிதம் டைப் செய்தது. காரணம் என்ற இடத்தில் ‘மீன் முள் குத்தியது’ என்று மட்டும் போடச் சொன்னான். அப்படியே போட்டேன்.