பாரத்தில் அடித்து எழுதிய இடம்

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஏஜண்டாகத் தேனிக்கு வந்து சேர்ந்தேன். ஊர் கும்பகோணம் பக்கம். அல்லிநகரத்தில் ஓர் அறை, ஒரு சைக்கிள், தோல் பை நிறையக் கம்பெனியின் விண்ணப்பப் பாரங்கள். ஆறு மாதம் கம்பம் வரைக்கும் அலைந்தும் ஒரு பாலிசிகூட எழுத முடியவில்லை. நான் வாயைத் திறந்து இரண்டாவது வாக்கியம் சொல்வதற்குள் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அல்லிநகரத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் எனக்குப் பழக்கமானது அந்தச் சமயத்தில்தான். அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. தொழில் செய்கிறவர்கள் புதன்கிழமை பிற்பகல் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிலுக்குப் பிள்ளைகளிடமிருந்து ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு போக வேண்டும். "சொல்லிக்கொடுத்துவிட்டு மட்டும் போகிற ஆள் எனக்கு வேண்டாம்" என்பார். பருத்தி அரவை மில் முதலாளி ஏற்கனவே வந்துகொண்டிருந்தார். பருத்தி எப்படிப் பஞ்சாகிறது என்று அவர் சொல்ல, பஞ்சுப் பொதிகளின் மேல் அச்சடித்திருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளைப் பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

என் முறை வந்தபோது, கம்பெனியின் துண்டுப் பிரசுரத்தில் இருந்ததை அப்படியே ஆரம்பித்தேன். "குடும்பத் தலைவர் மரணமடையும் பட்சத்தில்..." வகுப்பே சிரித்தது. முதல் வரிசையில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், இப்பிடிச் சொன்னா வெளக்குமாத்தத் தூக்கிருவாக."

"பின்னே எப்படிச் சொல்வது?"

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னான்னு சொல்லணும். அதையும் வந்த ஒடனே சொல்லக்கூடாது. ஒக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, மழை தண்ணியப் பத்திப் பேசிட்டு, அப்பறமாச் சொல்லணும். வெள்ளிக்கிழமை பேசவே கூடாது."

அதன் பிறகு புதன்தோறும் எனக்குத்தான் பாடம் நடந்தது. ஒரு பையன் விவசாயம் செய்கிற சம்சாரியாக உட்காருவான், நான் அவன் வீட்டுக்குப் போகிற ஏஜண்டு. எங்கே தப்பாகப் பேசினாலும் வகுப்பு முழுவதும் "ஏலே, போச்சு!" என்று கத்தும். நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்தால் ஒருவருக்கு வரும் கஷ்டத்தைத் தாங்கலாம் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் அவர்களே சிலேட்டுக் குச்சிக்கு ஒரு கம்பெனி ஆரம்பித்துவிட்டார்கள். வாரம் ஒரு துண்டுக் குச்சி கட்டினால், குச்சி தொலைந்தவனுக்கு முழுக் குச்சி. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ஊரில் இருந்ததில்லை.

முதல் வரிசைப் பெண் ஒரு புதன்கிழமை மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், எங்கய்யா ஒங்களக் கூட்டியாரச் சொன்னாக." அங்கே அப்பாவை அய்யா என்பார்கள். அவருக்கு ஊருக்குத் தெற்கே கிணற்றுத் தோட்டம். மகள் சொன்னதைக் கேட்டு, தானாகவே பாலிசி எடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். பாரத்தின் பின்பக்கம், படித்துக் காட்டியதைக் கேட்டுச் சம்மதித்ததாகத் தமிழில் எழுத வேண்டும். அதை அவளையே எழுதச் சொன்னேன். 'சம்மதம்' என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, அடித்துத் திருப்பி எழுதினாள். முகம் வாடிவிட்டது. பரவாயில்லை என்று பக்கத்தில் நான் சின்னதாகக் கையெழுத்துப் போட்டேன். அவள் அய்யா பெரியகுளத்துக்குப் போய்க் கம்பெனி டாக்டரிடம் உடம்பைக் காட்டிவிட்டு வந்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இங்கிலீஷில் இரண்டே வரி. ஏற்பதற்கில்லை, வருந்துகிறோம். காரணம் இல்லை.

பெரியகுளத்துக்கு ஓடினேன். டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "க்ஷயம். நுரையீரல் ரெண்டு பக்கமும் போயிடுச்சு. ஒரு வருஷம் தாங்கினால் அதிகம்."

"அவரிடம் சொன்னீர்களா?"

"ரெஸ்ட் எடு, பால் முட்டை சாப்பிடு, தனித் தட்டு வெச்சுக்கோன்னேன். வேறென்ன சொல்ல? மருந்து இருந்தாலல்லவா எழுதிக் கொடுப்பேன்?"

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். அவர் கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மாடுகளை நிறுத்திவிட்டு வேப்பமர நிழலுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தார். நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

"வேணாம்னு எழுதிட்டாகளாய்யா?"

"ஆமாம்."

"நெனச்சேன்." மாடுகளைப் பார்த்தபடியே சொன்னார்: "மாசி மாசத்துல இருந்து எச்சியோட ரத்தம் வருது. வீட்ல யாருக்கும் தெரியாது. காவலுக்குன்னு சொல்லிட்டு இங்கனயேதான் படுத்துக்கிறேன். அப்பத்தான் இந்தப் புள்ள வந்து இப்பிடி ஒரு சங்கதி இருக்குன்னு சொல்லுச்சு. ஒங்கள ஏமாத்திப்புட்டேன். மனசுல வெச்சுக்கிறாதீக."

பிள்ளைகள் கற்றுக்கொடுத்த பேச்சால் ஒரு மனிதரையாவது சம்மதிக்க வைத்தோம் என்று நான் மார் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்தது என் பேச்சால் இல்லை. எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை.

"புள்ளைக்கு மட்டும் தெரிய வேணாம். ஒங்க வாயால எதுவும் சொல்லிறாதீக" என்றார். தலையாட்டினேன்.

அடுத்த புதன், வாசலிலேயே நின்றாள். "சார், பேப்பர் வந்துருச்சா?" வரவில்லை என்றேன். அதற்கடுத்த புதனும் அதையே கேட்டாள், அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் தலைமையாசிரியரின் அறையில் வைத்து, கம்பெனி ஏற்கவில்லை என்று சொன்னேன்.

"நா அடிச்சு எழுதினதுனாலயா சார்?"

"அதனால் இல்லை, அம்மா."

"பின்ன எதுனால?"

நான் பேசாமல் இருந்தேன். அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு முழுத் தாளில் அந்த வாசகம் முழுவதையும் ஓர் அடித்தல் இல்லாமல், ஒரே அளவு எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். "இத அனுப்புங்க சார். இதுல தப்பே இல்ல." வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அனுப்புவதாகவும் சொன்னேன். தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லி யோசனை கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வாக்குக் கொடுத்துவிட்டீர்களே" என்றார்.

ஐப்பசி மழை பெய்கிற சமயத்தில் அவள் அய்யா போய்விட்டார். டாக்டர் சொன்ன ஒரு வருஷம்கூட இல்லை. மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். பெண்கள் உள்ளே இருந்தார்கள். அவள் குடத்தோடு வெளியே வந்தபோது நிறுத்தி, கம்பெனி வேண்டாம் என்றதற்குக் காரணம் அய்யாவின் உடம்புதான், அவள் எழுத்து இல்லை என்று சொன்னேன்.

"அப்ப ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அய்யாவுக்கு?"

"அவருக்கும் தெரியும்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். ஏதாவது திட்டியிருந்தாலாவது தேவலை.

தோட்டத்தைப் பங்காளிகள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை? என்னால் முடிந்தது ஒன்றுதான். மில் முதலாளியிடம் போய் அவளுடைய தாயாருக்கு ஒரு வேலை கேட்டேன். நல்ல மனிதர், மறு பேச்சுப் பேசாமல், பருத்தியைத் தரம் பிரித்து ஆய்கிற இடத்தில் சேர்த்துக்கொண்டார். அன்று ராத்திரி பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அந்தப் புதன்கிழமை முதல் வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. அடுத்த புதனும். விசாரித்தால், தாயார் மகளையும் மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். முதலாளியிடம் ஓடினேன்.

"சின்னப் பெண்ணை ஏன் சேர்த்தீர்கள்?"

"நீங்கதான வேல கேட்டீக?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "வயசுக்கு வாற புள்ளய வீட்ல தனியா விட்டுட்டு வரமாட்டேன்னு அவுக ஆத்தா சொன்னாக. சும்மா ஒக்காந்திருக்கிறதுக்குப் பருத்தி ஆயட்டுமேன்னு விட்டேன். நா என்ன செய்ய, சொல்லுங்க?"

தலைமையாசிரியர் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். தாயார் கதவோரம் நின்று, "எனக்கு வேற யாரு இருக்கா சாமி?" என்று மட்டும் கேட்டாராம்.

ஒரு மாதம் கழித்து, முன்பே பேசி வைத்திருந்தபடி வகுப்பு முழுவதையும் மில்லைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். மிஷின் சத்தத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பருத்தி ஆய்கிற கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் தலையெல்லாம் பஞ்சு. முதலாளி பெருமையாக அவளை எழுப்பிவிட்டார். "இந்தப் புள்ளையே காட்டும், பாருங்க. கையி அம்புட்டு வேகம்."

அவள் எழுந்து, கூடப் படித்த பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையிலும் பருத்தியை எடுத்துக் காட்டினாள். இது நல்லது, இது மழையில் நனைந்தது, இது பூச்சி அரித்தது, விரலால் பிரித்துப் பார்த்தால் தெரியும் என்று வரிசையாகச் சொன்னாள். மாஸ்டர் வகுப்பில் சொல்வதுபோல் அத்தனை தெளிவு. பிள்ளைகளும் கையை நீட்டி வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள், "நாளைக்கு வாறியா?"

அவள் தாயாரைத் திரும்பிப் பார்த்தாள். தாயார் தலை நிமிரவில்லை.

"இன்னும் நெறயக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

தலைமையாசிரியர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்தி வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான் முதலாளியிடம் ரொம்ப உபகாரம் என்று சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்தேன்.