முன்னால் போன பெட்டி

செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்று நாச்சியம்மை ஆச்சிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மெட்ராஸில் இண்டர்வியூ என்று கடிதம் வந்திருந்தது. அப்படியானால் புதன்கிழமை சாயங்காலம் காரைக்குடியில் ரயிலேற வேண்டும். புதன்கிழமை போய் யாராவது வடக்கே கால் வைப்பார்களா?

"வெள்ளிக்கெழம வாரேன்னு ஒரு தந்தி குடுத்துருடா" என்றாள் மகனிடம்.

ஏகப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆத்தா, அவுக என்ன பொண்ணு பாக்கவா கூப்புட்டிருக்காக? வேலைக்குக் கூப்புட்டிருக்காக!"

வேலையென்றால் சாதாரண வேலையில்லை. ஏகப்பனுக்கு அப்போது இருபத்தேழு வயது. காரைக்குடி பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, மதுரையில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் ஐந்து வருஷமாக இருந்தான். 1974இல் கம்ப்யூட்டர் என்றால் மேஜைமேல் வைக்கிற சாமானா? பீரோ பீரோவாக ஒரு கூடம் முழுக்க நிற்கும். மனுஷர்களுக்குக் கிடைக்காத குளிர்சாதன வசதி அதற்குக் கிடைக்கும். அதற்குத் தீனி அட்டை. விவரங்களைத் துளைகளாகப் போட்ட அட்டைகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் படித்துக்கொள்ளும். அது பாதி வேலையில் முரண்டு பிடித்து நின்றுவிட்டால், "கூப்பிடு ஏகப்பனை" என்பார்கள். மூடியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டு, எங்கே நோவு என்று கண்டுபிடித்து மறுபடி ஓட விடுவான். அந்த நேரத்தில் அவனுக்குப் பசி தெரியாது, தாகம் தெரியாது. அவ்வளவு ஆசை அந்த இயந்திரத்தின்மேல்.

ஆப்பிரிக்காவில் சாம்பியா என்ற நாட்டில் ஒரு செப்புச் சுரங்கத்துக்குக் கம்ப்யூட்டர் பராமரிக்க ஆள் தேவை, மூன்று வருஷ ஒப்பந்தம் என்று இங்கிலீஷ் பேப்பரில் விளம்பரம் வந்தது. எழுதிப் போட்டான். பதிலும் வந்துவிட்டது. கூடவே கடைசி வரியில் ஒரு மிரட்டல்: அசல் சான்றிதழ்கள் இல்லாமல் வருகிறவர்கள் பரிசீலிக்கப்பட மாட்டார்கள்.

அப்பச்சி, அதாவது ஏகப்பனின் தகப்பனார் சோமு செட்டியார், கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பர்மாவில் பதினேழு வருஷம் தொழில் பார்த்தவர். அறுபத்துநாலில் அங்கே எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். செட்டிநாட்டில் தொழிலுக்காகக் கடல் கடந்து போவதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். இறங்கிய நாளிலிருந்து அந்தச் சொல் அவர் வாயில் வந்ததேயில்லை. வேறு யாராவது சொன்னாலும் எழுந்து போய்விடுவார்.

"ரங்கூன் தெரியும், பினாங்கு தெரியும், சைகோன் தெரியும். இது எங்குட்டுருக்கு? கப்பல் எந்தத் துறையில பிடிக்கணும்?"

"கப்பல் போகாது அப்பச்சி. அங்க கடலே கெடையாது."

"கடலே இல்லாத ஊருக்கு எதுக்குடா போறே?" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏகப்பனுக்குச் சுருக்கென்றது. அப்பச்சி ஒரு தடவை மனம் நிறைந்து அனுப்பி வைத்தால் போதும், அவன் ஆப்பிரிக்காவுக்கு நடந்தே போய்விடுவான்.

சூலத்துக்கு ஆச்சியே வழி கண்டுபிடித்தாள். பரஸ்தானம் வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. பயண நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், போகிற திசையில் உள்ள உறவுக்காரர் வீட்டில் பயணச் சாமானைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் புறப்பட்டாயிற்று என்று கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. சொக்கட்டான் ஆட்டத்தில்கூட இவ்வளவு சாமர்த்தியம் வேண்டியதில்லை.

பேருக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு வைத்தால் போதும். ஊரெல்லாம் அப்படித்தான் செய்யும். ஆச்சி அரைகுறையாக எதையும் செய்கிறவள் இல்லை.

"வேலைக்குப் போறது உன் வேட்டியா? உன் படிப்பும் ஆயுதமுந்தான போகுது? அதுதான் முதல்ல போகணும்" என்று சான்றிதழ்கள், வந்த கடிதம், திருப்புளிகள், இடைவெளி அளக்கும் தகடுகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கிப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் பெட்டி கானாடுகாத்தானுக்குப் போயிற்று. அங்கே இருப்பது சாலா அயித்தை, அப்பச்சியின் தங்கை. புதன்கிழமை ரயில் செட்டிநாடு ஸ்டேஷனில் நிற்கும்போது அயித்தை வீட்டுக் காவல்காரர் கருத்தையா பெட்டியைக் கொண்டுவந்து ஏற்றிவிடுவார். ஏற்பாடு கச்சிதம். ஏகப்பனும் சரியென்றுதான் தலையாட்டினான். அதை அவன் பிற்காலத்தில் யாரிடமும் மறைத்ததில்லை.

புதன்கிழமை செட்டிநாடு ஸ்டேஷனில் வண்டி நின்றது. இரண்டே நிமிஷம். கருத்தையா ஓடி வந்தார். கையில் ஒரு பலகாரத் தகரம் மட்டும் இருந்தது.

"பெட்டி எங்கண்ணே?"

"சாலா ஆச்சி திருச்சிக்குப் போயிட்டாக தம்பி! மகளுக்கு வலி எடுத்துருச்சுன்னு மத்தியானம் தந்தி வந்துச்சு. உங்க பெட்டிய யாரும் தொட்டுறக் கூடாதுன்னு சாமான் வைக்கிற ரெட்டை அறைக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காக. சாவி அவுக இடுப்புலயே போயிருச்சு. மாவுருண்டையும் தேங்குழலும் மட்டும் வெளிய இருந்துச்சு, எடுத்தாந்தேன்."

ஏகப்பன் வண்டிப் படியில் ஒரு காலை இறக்கினான். இறங்கிப் போய்ப் பூட்டை உடைக்கலாமா? செட்டிநாட்டு வீட்டு அறைக் கதவு, பர்மாத் தேக்கு. பூட்டோ ஒரு தேங்காய் பருமன். ஆசாரியைத் தேடிப்பிடித்து உடைப்பதற்குள் இண்டர்வியூ முடிந்து, எடுக்க வந்த ஆள் சாம்பியாவுக்கே போய்ச் சேர்ந்திருப்பார். போய்ப் பார்த்தால் நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, போகாவிட்டால் அதுவும் இல்லை. விசில் ஊதிவிட்டார்கள். தகரத்தை வாங்கிக்கொண்டு வண்டியிலேயே நின்றுவிட்டான்.

மெட்ராஸில் ஐப்பசி மழை. மவுண்ட் ரோட்டில் ஒரு ஹோட்டலின் மாடியில் பதினெட்டுப் பேர் பைல்களும் தோல் பைகளுமாக உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பதாவதாக நனைந்த சட்டையும் பலகாரத் தகரமுமாக ஏகப்பன் போய் நின்றான். வாசலில் பெயர் பதிகிற குமாஸ்தா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சர்டிபிகேட் எங்க? இல்லையா? அப்ப நீங்க கிளம்பலாம் சார்."

ஏகப்பன் கிளம்பவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். அவமானமாகத்தான் இருந்தது. பதினெட்டுப் பேரும் உள்ளே போய்விட்டு வந்தார்கள். மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு ஒரு கறுத்த, உயரமான மனிதர் வந்தார். அவர்தான் கம்பெனியின் அதிகாரி, முலெங்கா. ஏகப்பன் எழுந்து வழியை மறித்த மாதிரி நின்று, பாலிடெக்னிக் இங்கிலீஷில் முழுக் கதையையும் மூச்சுவிடாமல் சொன்னான். சூலம், பரஸ்தானம், அயித்தை மகளின் பிரசவ வலி, எதையும் விடவில்லை.

முலெங்கா சிரிக்காமல் கேட்டார். "அதாவது, உங்களுக்கு முன்னால் புறப்பட்ட பெட்டி இப்போது உங்களுக்குப் பின்னால் முந்நூறு மைலில் இருக்கிறது."

"ஆமாம் சார்."

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. நீங்களும் வாருங்கள். காட்டுவதற்குக் காகிதம் இல்லையென்றால் கையைக் காட்டுங்கள்" என்றார்.

தேர்வு அட்டை படிக்கும் இயந்திரத்தில். வேண்டுமென்றே கோளாறு செய்து வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு கோளாறு, இருபது நிமிஷம். மற்ற மூவரும் பளபளவென்று கருவிகளைப் பரப்பி வைத்து வேலை செய்தார்கள். கடைசியில் ஏகப்பன் முறை வந்தது. பொத்தானை அழுத்தினான். நாலைந்து அட்டை ஓடியது. பிறகு கரக் என்று ஒரு சத்தம், இரண்டு அட்டைகள் ஒன்றாகப் போய் உள்ளே கசங்கி நின்றன.

சத்தத்தைக் கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. இந்த இருமலை மதுரையில் அவன் நூறு தடவை கேட்டிருக்கிறான். அட்டை நுழையும் வாய் அகன்றுபோயிருக்கிறது. ஒரு அட்டைதான் போக வேண்டும், இரண்டு போகவே கூடாது. ஆனால் அந்த மயிரிழை இடைவெளியை அளக்கிற தகடு கானாடுகாத்தானில் தேக்குக் கதவுக்குப் பின்னால் சொகுசாக இருக்கிறது!

"துளை போடாத அட்டை ரெண்டு வேணும்" என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு நாலணாக் காசை எடுத்தான்.

மூவரில் பக்கத்திலிருந்த தோல் பைக்காரர் தன் திருப்புளியைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். ஏகப்பன் அதைக் கவனிக்கவில்லை. காசின் விளிம்பைத் திருகாணியின் காடியில் கொடுத்துக் கால் சுற்று இறுக்கினான். வாயில் ஒரு அட்டையை விட்டுப் பார்த்தான், போயிற்று. இரண்டாகச் சேர்த்து விட்டான், அதுவும் போயிற்று. இன்னும் கொஞ்சம் இறுக்கினான். ஒன்று வழுக்கிக்கொண்டு போயிற்று, இரண்டு முட்டி நின்றது. அட்டையின் கனத்தை அட்டையைவிட நன்றாக எது அளக்கும்? காசைப் பையில் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

சடசடவென்று ஓடியது. நூறு, இருநூறு. ஏகப்பனுக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. அப்போது பார்த்து மறுபடி கரக்.

முலெங்கா கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பது நிமிஷம் இருக்கிறது."

திருகாணி அசையவில்லை, வாய் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால்? அடுக்கில் மிச்சமிருந்த அட்டைகளை எடுத்து விரலால் தடவினான். மழைக்காலத்து அப்பளம் மாதிரி நமுத்து, ஓரம் லேசாக வளைந்திருந்தது. இந்த அட்டைகள் இருந்த பெட்டியை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்டான். ஜன்னல் ஓரத்தில் என்றார்கள். இது யாரும் வைத்த கோளாறு இல்லை, மெட்ராஸ் மழை வைத்தது. கம்ப்யூட்டர் பீரோவின் முதுகுப் பக்கம் போனான். அங்கே உள்சூட்டை வெளியே தள்ளுகிற விசிறி இருந்தது. வெதுவெதுவென்று காற்று. அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்து, புரட்டிப் புரட்டிக் காய வைத்தான். தோல் பைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏழு நிமிஷம் போயிற்று. அடுக்கித் தட்டி, உள்ளே வைத்து, குலதெய்வத்தை ஒரு தடவை நினைத்துக்கொண்டு அழுத்தினான்.

ஓடியது. ஐந்நூறு, எண்ணூறு, ஆயிரம்! கடைசி அட்டை விழுந்து மணி அடித்தது.

முலெங்கா அவன் தோளில் கை வைத்தார். "எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. ஒரு உதிரிப் பாகம் வந்து சேர இரண்டு மாதம், சில சமயம் நாலு மாதம். போன தடவை வந்த ஆள் பெட்டி வரட்டும், பெட்டி வரட்டும் என்று உட்கார்ந்தே இருந்தார். பெட்டி வராமலே வேலை செய்கிற ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். சான்றிதழைத் தபாலில் அனுப்புங்கள். தகரத்தில் என்ன?"

மாவுருண்டை நாலும் அவரே தின்றார்.

ஊருக்கு வந்து சொன்னதும் வீடு இரண்டுபட்டது. ஆத்தாவை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ரயிலெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"பாத்தியா? பரஸ்தானம் வைக்காமப் போயிருந்தா கெடைச்சிருக்குமா?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதும் சரிதான். அப்பச்சி நடந்ததையெல்லாம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அந்தக் காசு எங்க?" என்றார். ஏகப்பன் எடுத்துக் கொடுத்தான். விளிம்பு நெளிந்திருந்த நாலணாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மடியில் முடிந்துகொண்டார். "எத்தனை வருஷம்னு சொன்னே?"

"மூணு வருஷம் அப்பச்சி."

"மூணா?" என்றார். பர்மாவுக்கு அவர் முதலில் போனதும் அதே மூன்று வருஷத் தவணையில்தான்.

தை மாதம் டிக்கெட் வந்தது. பம்பாயில் விமானம், மெட்ராஸ் வழியாகப் போக வேண்டும். இந்தத் தடவையும் புதன்கிழமைதான்! ஆச்சி கையை நீட்டினாள், ஏகப்பன் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கொடுத்தான். சான்றிதழும் பாஸ்போர்ட்டும் மட்டும் சட்டைக்குள் பத்திரமாக இருந்தன.

செட்டிநாடு ஸ்டேஷன்வரை அப்பச்சியும் கூடவே ரயிலில் வந்தார். வண்டி நுழையும்போதே தெரிந்தது. பிளாட்பாரத்தின் நடுவில் சாலா அயித்தை உட்கார்ந்திருந்தாள், பெட்டியின்மேலேயே.

"காலையிலருந்து இந்த எடத்தவிட்டு எந்திரிக்கலடா! சாப்பாடுகூட இங்கதான்" என்று கத்தினாள்.

பெட்டி ஏறியது. அப்பச்சி இறங்கி ஜன்னலோரம் நின்றார். உள்ளே எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் தலையை நீட்டி, "மகனா? எங்க போறாக?" என்று அவரிடம் கேட்டார்.

அப்பச்சி மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். வண்டி நகரத் தொடங்கிவிட்டது. கூடவே நாலடி நடந்தார்.

"கொண்டுவிக்கப் போறான்" என்றார், பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி.